உளிச் சத்தம்: மாமியின் பலா அலுமாரியும் மற்றக் கேள்விகளும்

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கொட்டாஞ்சேனையில் தளபாடம் திருத்தும் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கியது. அப்பாவுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் மொறட்டுவையில் ஒரு சிங்களப் பாஸ். தச்சரைப் பாஸ் என்று கூப்பிடும் பழக்கம் ஒல்லாந்தர் விட்டுப்போனது. பெண் ஒருத்தி சீவுளியைப் பிடித்ததும் எங்கள் ஒழுங்கைக்காரருக்கு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கடைசியில் 'பாஸ் அக்கா' என்று ஒட்டிவிட்டார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: மரத் தளபாடம் வாங்குவது மரத்துக்குச் செய்யும் கெடுதலா?

பாஸ் அக்கா, எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். வெள்ளவத்தையில் ஆறாம் மாடியில் வாடகை வீடு. கொக்குவிலில் இருக்கும் மாமி தன் தாயாருடைய பலா அலுமாரியை லொறியில் அனுப்புகிறேன் என்கிறார். இவரோ, "அந்தப் பாரம் எதற்கு, வெள்ளை மெலமைன் போர்ட்டில் ஒன்று வாங்குவோம். மரத்தை வெட்டிச் செய்த சாமானை விட அது சுற்றாடலுக்கும் நல்லது" என்கிறார். இரண்டு பேரோடும் சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை. யார் சொல்வது சரி?
— புது மருமகள், வெள்ளவத்தை

தங்கச்சி, முதலில் உங்கள் அவருடைய பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். போர்ட் என்பது பெரும்பாலும் வீணாகப் போகிற மரத்தில் செய்வது. ஒரு மரத்தைப் பலகையாக அறுத்தால் பட்டை, ஓரம், தூள் என்று நிறையக் கழிந்துபோகும். அந்தக் கழிவையும், மெல்லிய கொப்புகளையும், பால் வற்றிய ரப்பர் மரத்தையும் சீவலாக்கி அழுத்தினால் போர்ட். எரித்துச் சாம்பலாக்குவதை விட அது நல்ல வேலைதான், நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் தூள் தானாக ஒட்டாதே. அதற்கு யூரியா ஃபோமல்டிஹைட் பசை போடுகிறார்கள். அந்தப் பசைக்கான மூலப்பொருள் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருவது. சீவலை உலர்த்த வெப்பம், அழுத்த இன்னும் வெப்பம், மேலே ஒட்ட மெலமைன் தாள். ஆக, "மரம் வெட்டாத சாமான்" என்று அவர் நினைப்பது சரியில்லை. மரமும் உண்டு, அதோடு பசையும் உண்டு.

இனி மாமியின் அலுமாரி. அந்தப் பலாவை வெட்டி எவ்வளவு காலம் இருக்கும்? மாமியின் தாயார் மணப்பெண்ணாக இருந்த காலம் என்றால் அறுபது, எழுபது வருடமாவது வரும். இன்று நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பலா எழுந்து நின்று காய்க்கப் போவதில்லை. அலுமாரி கொக்குவில் கொட்டிலில் கிடந்து கறையானுக்குப் போகும், இங்கே புதிதாக ஒரு போர்ட் அலுமாரி தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டு வரும். கணக்கு அவ்வளவுதான்.

கணக்கு என்றதும் இன்னொன்றையும் போட்டுப் பார்ப்போம். மரம் வளரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் உடம்பாக்குகிறது. ஈரமில்லாத மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கரி, அதாவது காபன். அலுமாரி 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் ஒரு 12 கிலோவைக் கழித்தால் 88. அதில் பாதி, 44 கிலோ கரி. கரியோடு ஒட்சிசனும் சேர்ந்துதான் வாயு ஆகிறது, ஆகவே வாயுக் கணக்கில் சொன்னால் 160 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பெரிய தொகை என்று மலைத்துவிட வேண்டாம், ஒரு சிறிய காருக்கு இரண்டு தரம் தாங்கி நிறையப் பெற்றோல் அடித்து ஓட்டினால் வெளியே வருவது அவ்வளவுதான். போர்ட்டுக்குள்ளும் கரி இருக்கிறது. வித்தியாசம் எத்தனை வருடம் பூட்டி வைத்திருக்கிறது என்பதில். பலா ஒன்று நல்ல பலகை தரும் அளவுக்கு முற்ற முப்பது, நாற்பது வருடம் பிடிக்கும். மாமியின் அலுமாரி அந்தக் காலத்தைத் தாண்டியும் நிற்கிறது, வெட்டிய இடத்தில் வேறொன்றை நட்டிருந்தால் அதுவும் இன்று முற்றியிருக்கும். என் பட்டறைக்கு வருகிற போர்ட் அலுமாரிகள் பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு வருடத்துக்குள் படுத்துவிட்டவை. அதுவும் வெள்ளவத்தையில், கடற்காற்றில், பிணைச்சல்கள் துருப்பிடித்து, குளியலறைச் சுவரோரம் அடிப்பலகை ஊதி.

இந்த ஊதுவதைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி, கொலன்னாவை, கடுவலைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது ஞாபகம் இருக்கும். வடிந்த நான்காம் நாள் ஒரு வாடிக்கைக்காரர் கூப்பிட்டுக் கொலன்னாவைக்குப் போனேன். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் மெத்தை, பிரிட்ஜ், பாடப்புத்தகம், எல்லாவற்றுக்கும் மேலே போர்ட். கதவு கதவாக, தட்டுத் தட்டாக. தேத்தண்ணியில் தோய்த்த விசுக்கோத்துப் போல ஊதி, ஓரத்தைத் தொட்டால் கையோடு வந்தது. குப்பை லொறிகள் நாள்கணக்காக அள்ளின. திருத்தித் தாருங்கள் என்று என்னிடம் கேட்டவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஊதிய தூளைத் திரும்ப அழுத்த என்னிடம் மெஷின் இல்லை. விறகாக்கலாமா என்றார் ஒருவர். பசைப் புகை, அடுப்படியில் வேண்டாம் என்றேன்.

அந்த வீட்டில் பலாவில் செய்த ஓர் அலுமாரியும் நின்றது. மூன்று நாள் இடுப்பளவு தண்ணீரில். கதவு இரண்டும் இறுகி, பொலிஷ் வெளுத்து, சேறு காய்ந்து, பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டுக்கார அம்மா அதையும் தெருவில் வைக்கச் சொல்லியிருந்தார். நான் தடுத்தேன். பட்டறைக்குக் கொண்டுவந்து கழுவி, கதவுகளைக் கழற்றி, நிழலில் காற்றுப்பட விட்டேன். வெயிலில் வைத்தால் மேற்புறம் முந்திக் காய்ந்து பிளந்துவிடும், ஆகவே அவசரப்படக் கூடாது. ஏறத்தாழ ஒன்றரை மாதம் போனது. முன்கால் இரண்டும் உளுத்திருந்தன. உடைத்த வீட்டின் பழைய கூரை வளை ஒன்றிலிருந்து புதிய கால் சீவினேன். பின்பலகை ஒன்று மாற்றினேன். மூட்டுகள் அசையவில்லை. ஒரு பலகையின் நாக்கு மற்றதின் துளைக்குள் போய், குறுக்கே மர ஆணி அடித்த வேலை அது, இரும்புத் திருகாணி ஒன்றுமில்லை. அந்த அம்மாவின் மகள் இப்போது அதை வைத்திருக்கிறாள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். லொறிக்குச் சொல்லுமுன் லிப்ட்டின் வாசலையும் உள் உயரத்தையும் அளக்கச் சொல்லி அவரிடம் அளவுநாடாவைக் கொடுங்கள். பழைய அலுமாரிகளில் மேல்முடி தனியாகக் கழன்று வரும், கதவுகளும் வரும். சிலவற்றை முழுதாகவே பிரிக்கலாம். மாமி வீட்டில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பின்புறமும் அடியும் தெரிய. சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடம் விட்டு வையுங்கள். வெள்ளைதான் வேண்டும் என்று அவர் அடம் பிடித்தால் உட்புறத்துக்கு மட்டும் வெள்ளை அடிக்கலாம். வெளியே அடித்தால் நான் வீட்டுக்கே வந்துவிடுவேன்.

வணக்கம் பாஸ் அக்கா. சாப்பாட்டு மேசை செய்விக்கப் போகிறேன். கடைக்காரர்கள் எல்லோரும் "சொலிட் தேக்கு" என்கிறார்கள். முழு மரம் என்றால் சுற்றாடலுக்கு நல்லது என்று நம்பி வாங்கலாமா? எந்த மரம் நல்லது?
— இரு பிள்ளைகளின் தகப்பன், வத்தளை

தம்பி, முழு மரம் என்றாலே புண்ணியம் என்றால் கலமந்தர் மரம் இன்று நம் காடுகளில் நிறைய நின்றிருக்க வேண்டும். கோடு கோடாக, புலித்தோல் மாதிரி அழகான மரம். வெள்ளைக்காரர் காலத்தில் மேசையும் பெட்டியுமாக்கி ஏற்றுமதி செய்து செய்தே ஏறத்தாழத் தீர்த்துவிட்டார்கள். நான் தொழிலுக்கு வந்த இத்தனை காலத்தில் ஒரே ஒரு நகைப்பெட்டியில்தான் அதைத் தொட்டிருக்கிறேன். ஆகவே என்ன மரம் என்பதோடு, எங்கே நின்ற மரம் என்றும் கேளுங்கள்.

நம் நாட்டில் இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவது 1990 முதல் தடை. இன்று மரக்காலைக்கு வருகிற மரத்தில் பெரும்பங்கு வீட்டுத் தோட்டங்களிலிருந்தும், நட்டு வளர்த்த தோப்புகளிலிருந்தும், தோட்டங்களிலிருந்தும் வருவது. தேக்கு நம் மண்ணின் மரமே அல்ல, ஒல்லாந்தர் காலத்தில் வந்தது. இன்று அரசாங்கத் தோப்புகளில் நிற்கிறது, அரச மரக்கூட்டுத்தாபனம் விற்கிறது. ரசீதோடு வாங்கிய தேக்கு என்றால் குறையில்லை. முதிரை, பாலை என்று யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் மட்டும் நின்று யோசியுங்கள். அவை வறண்ட வலயத்துக் காட்டு மரங்கள். வன்னிப் பக்கத்துக் களவு மரத்தைப் பற்றிப் பத்திரிகையில் வராத மாதம் குறைவு. மரம் கொண்டுவர அனுமதிப்பத்திரம் இருக்கும், கேட்டால் காட்ட வேண்டும். முகத்தைச் சுளிக்கிற இடத்தில் வாங்காதீர்கள்.

பலா வெட்டவும் அனுமதி வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் நினைத்தபடி வெட்ட முடியாதபடி 1951இல் சட்டம் வந்தது. மூன்றுமே சோறு போடும் மரங்கள் அல்லவா. பலா நடச் சொல்லி நாடு முழுவதும் அலைந்த ஆர்தர் வி. டயஸைச் சிங்களவர் 'கொஸ் மாமா' என்று அன்போடு சொல்வார்கள். பலா மாமா! எனக்கு இந்தப் பட்டம் எந்த சேர் பட்டத்தையும் விடப் பிடிக்கும்.

மேசைக்கு என் தெரிவு என்னவென்று கேட்டால், கை கொஞ்சம் இறுக்கமென்றால் ரப்பர் மரம். 1876இல் கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்ட கன்றுகளோடு தொடங்கிய பயிர் அது. இருபத்தைந்து, முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்ததும் எப்படியும் வெட்டிப் புதிதாக நடுவார்கள். அப்பாவின் காலத்தில் அது விறகுக்குத்தான் போனது. இப்போது அதே மரம் மேசையாகிறது, அதற்காக ஒரு மரத்தைக் கூடுதலாக வெட்டத் தேவையில்லை. ஒரே நிபந்தனை, போரோன் மருந்து ஏற்றிப் பதப்படுத்திய மரமாக இருக்க வேண்டும். ரப்பர் மரத்தில் மாச்சத்து அதிகம், மருந்தில்லாவிட்டால் வண்டுக்கு விருந்து.

கை தாராளமென்றால், அல்லது பொறுமை தாராளமென்றால், பழைய மரம். கொழும்பில் தொடர்மாடி கட்டுவதற்காக வாரத்துக்கு ஒரு பழைய வீட்டை உடைக்கிறார்கள். அந்த வளைகளும் கதவுநிலைகளும் ஐம்பது வருடம் காய்ந்த மரம், இனி முறுகாது, வளையாது. உள்ளே ஒளிந்திருக்கும் ஆணிகளை எல்லாம் பிடுங்க வேண்டும், என் சீவுளி அலகு எத்தனை தரம் பல்லுடைந்தது என்று கேட்காதீர்கள். அதற்காகப் பாஸ்மார் கூலி கூடக் கேட்பார்கள், கொடுங்கள்.

கடைசியாக, "சொலிட்" என்ற சொல்லை நம்பாமல் மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே ஓடுகிற இரேகை விளிம்பில் மடங்கி, வெட்டுமுகத்தில் வளையமாகத் தெரிந்தால் மரம். மேலே தேக்கு, விளிம்பில் ஒட்டிய நாடா, அடியில் மண்ணிறத் தூள் என்றால் அது தேக்குச் சட்டை போட்ட போர்ட். விற்பது குற்றமில்லை. மரத்தின் விலைக்கு விற்பதுதான் குற்றம்.

அன்ரி, மகனின் அறைக்குப் புதிதாக வாங்கிய அலுமாரியைத் திறந்தால் ஒரு காட்டமான மணம், கண் எரிகிறது. கடையில் "இரண்டு நாளில் போய்விடும்" என்றார்கள். இரண்டு கிழமையாகிறது.
— மட்டக்குளி

நான் மேலே சொன்ன பசைதான் பிள்ளை. அதிலிருந்து ஃபோமல்டிஹைட் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வகைப்படுத்திய வாயு அது. பயந்து நடுங்குவதற்காகச் சொல்லவில்லை, அலட்சியம் வேண்டாம் என்பதற்காக. வெப்பமும் ஈரமும் கூடக் கூட கசிவும் கூடும், கொழும்பில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அலுமாரியை உடுப்பில்லாமல், கதவைத் திறந்தபடி, காற்றோடும் விறாந்தையில் சில வாரம் வையுங்கள். மகன் அந்த அறையில் படுக்க வேண்டாம். பின்புறமும் அடியிலும், திருகாணித் துளைகளிலும் மூடாமல் விட்ட போர்ட் தெரியும், அதற்கு வார்னிஷ் இரண்டு கை பூசினால் கசிவு நன்றாகக் குறையும். பிள்ளைக்கு இழுப்பு, மூச்சுமுட்டல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாப் போர்ட்டும் இப்படியில்லை, அடுத்த முறை ஈ-1 என்ற கசிவு குறைந்த தரமா என்று கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் மரத்தச்சர். மரம் நல்லது என்றுதானே சொல்வீர்கள்? தன் தயிர் புளிப்பு என்று எந்தக் கடைக்காரர் சொல்வார்?
— ஒரு சந்தேகப் பேர்வழி, பம்பலப்பிட்டி

சொல்லமாட்டார்தான். ஆனால் நான் தயிர் விற்பவள் இல்லை ஐயா, உறைமோர் விற்பவள். புதுத் தளபாடம் செய்வது வருடத்துக்கு இரண்டோ மூன்றோ. மற்றதெல்லாம் திருத்தம்.

என் வீட்டுச் சமையலறையில் இருப்பதே போர்ட் அலுமாரி என்று சொன்னால் நம்புவீர்களா? பன்னிரண்டு வருடமாக இருக்கிறது. ஒரு கதவின் பிணைச்சல் திருகாணியோடு பிய்ந்து வந்தது. போர்ட்டில் ஒருமுறை பிய்ந்த துளையில் திருகாணி திரும்பக் கடிக்காது. அந்தத் துளையைப் பெரிதாக்கி, ரப்பர் மரத்தில் சீவிய கட்டையைப் பசையோடு அடித்து இறக்கி, காய்ந்ததும் அதில் திருகாணி போட்டேன். மரத்தில் கடிக்கும் அல்லவா. அடிப்பலகைக்கு பிளாஸ்டிக் சப்பாத்து, தண்ணீர் படும் விளிம்புக்குப் புது நாடா. போர்ட் வைத்திருப்பவர்கள் நான் எழுதியதைப் படித்துவிட்டு நாளைக்கே தூக்கித் தெருவில் எறிந்தால் எனக்குத்தான் பாவம். இருப்பது இருக்கும்வரை இருக்கட்டும்.

கட்டிலுக்கு அடியில் தினமும் மாவு போலத் தூள் கொட்டுகிறது. மண்ணெண்ணெய் பூசச் சொல்கிறார்கள்.
— தெஹிவளை

கறையான் இல்லை. கறையான் மண்கூடு கட்டிக்கொண்டு வரும். இது உள்ளே முட்டையிட்டுப் பெருகும் வண்டு. மண்ணெண்ணெய் மேலோடு நின்றுவிடும், படுக்கையறையில் மணமும் நெருப்புப் பயமும்தான் மிச்சம். பொலிஷை உரசி எடுத்து, வெறும் மரத்தில் போரோன் கரைசலைத் தூரிகையால் பல தரம் ஊறப் பூச வேண்டும், துளைகளுக்குள் ஊசியால் ஏற்ற வேண்டும். பொலிஷ் மேலேயே பூசினால் உள்ளே இறங்காது. ஒரு சட்டம் மட்டும் உளுத்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம், கட்டிலையே மாற்றத் தேவையில்லை. பிறகு பூச்சுக்குச் சீலர், தின்னர் என்று தலையிடி தரும் சாமான்களுக்குப் போகாமல், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பழைய பொலிஷையே துணிப்பந்தால் தேய்க்கலாம். அரக்கு ஒரு பூச்சி தருவது. பூச்சி கெடுத்ததைப் பூச்சியைக் கொண்டே மினுக்குகிறோம். சூடான கோப்பையை மட்டும் அதன் மேல் வைத்துவிடாதீர்கள், வெள்ளை வட்டம் விழும்.

பிள்ளை, எனக்கு 74 வயது. என் தகப்பனார் இருந்த சாய்மனைக் கதிரை. பிரம்பு அறுந்து நடுவே பெரிய ஓட்டை. பிளாஸ்டிக் கதிரை வாங்கித் தருகிறேன் என்று மகன் நிற்கிறான். பிரம்பு பின்னுகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்களா?
— கொட்டாஞ்சேனை

இருக்கிறார்கள் ஐயா, குறைவுதான். எங்கள் பட்டறைக்கு மாதம் இரண்டு முறை ஒருவர் வருகிறார். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கைப்பிடியின் நிறத்தையும் இரேகையையும் பார்த்தால் நெதுன் மரம் போல இருக்கிறது. அப்படியென்றால் இன்று அந்த மரத்தைத் தேடிப் புதுக்கதிரை செய்வது லேசான காரியமில்லை, காட்டிலும் அருகிவிட்டது. நேரில் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்வேன்.

மகனிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். அறுந்த பிரம்பை இழுத்துப் பிய்க்க வேண்டாம், சட்டத்தில் இருக்கும் சின்னத் துளைகள் உடைந்தால் பின்னுவது சிரமம். பழைய பின்னல் எப்படிப் போகிறது என்று பார்த்துத்தான் புதியதைப் பின்ன வேண்டும். மற்றது, ஓட்டையை மறைக்கப் பலகை வைத்து ஆணி அடித்துவிட வேண்டாம்.

பக்கத்து ஒழுங்கைதானே, ஓட்டோவில் ஏற்றினால் வந்துவிடும். பின்னி முடிய ஒரு கிழமை போகும், அதுவரை மகன் அந்தப் பிளாஸ்டிக் கதிரையை இரவல் வாங்கித் தரட்டும்.